உடம்பு கரைந்த வருஷம்

டாக்டர் எஸ்தர் அம்மாதான் இதை எழுதச் சொன்னார். என் பெயரைப் போட வேண்டாம் என்றும் அவரே சொன்னார். இப்போது உடம்பு மறுபடி கொஞ்சம் தேறியிருக்கிறது. அடுப்படியில் நின்று ஒரு சோறும் குழம்பும் வைக்க முடிகிறது. பேனா பிடித்தால் விரல் நடுங்குவதில்லை. இது எத்தனை காலம் இப்படியே இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் முடியும்போதே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு வீடு ராஜபாளையத்தில். நான் பிறந்தது சுந்தரபாண்டியம். என் வீட்டுக்காரர் தங்கராசு ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். நான் வீட்டிலிருந்தபடியே பேண்டேஜ் துணி சுருட்டுவேன். சுற்றுப்பட்டு ஊர்த் தறிகளில் நெய்து, வெளுத்து வரும் துணியை அளவாக வெட்டி, இறுக்கமாகச் சுருட்டி, தாள் சுற்றிக் கொடுக்க வேண்டும். என் மாமியார் எங்களோடுதான் இருந்தார். அவரை நான் அத்தை என்பேன். எங்களுக்கு ஒரே மகள், கலா.

தொண்ணூற்று நாலாம் வருஷக் கடைசியில் என் உடம்பு கரைய ஆரம்பித்தது. எனக்கு அது தெரியவில்லை. செட்டியார்பட்டியில் வாக்கப்பட்ட என் நாத்தனார் சரசு மதினிதான் முதலில் பார்த்தார். அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் பட்டுச்சேலை கட்டிப் போயிருந்தேன். முதுகுப் பக்கம் ஜாக்கெட் இரண்டு விரல் உள்ளே போகும்படி தொளதொளவென்று நின்றது. மதினி ஊக்கு எடுத்துக் குத்திவிட்டுக்கொண்டே, வீட்டில் ஏதும் சண்டையா, சாப்பிடாமல் கிடக்கிறாயா என்று கேட்டார். சண்டை எதுவும் இல்லை. விரதம் இல்லை. வேலையும் கூடவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் ஒருவர் மிளகாய் வத்தல் குடோனில் கணக்கெழுதினார். அங்கே மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றிப் பார்த்தார்கள். கலா பிறந்து தேறிய காலத்திலிருந்து நான் ஐம்பத்திரண்டு கிலோ. அன்றைக்கு நாற்பத்தைந்து இருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதுவதே அதற்குத்தான். தானாகப் பட்டினி கிடக்காமல், எந்த முயற்சியும் இல்லாமல், சில மாதங்களுக்குள் உடம்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அந்த இளைப்பே ஒரு நோயின் அடையாளம். காரணம் தெரியும்வரை விடக்கூடாது. இதைப் பிற்பாடு டாக்டர் அம்மா சொன்னார். அப்போது எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண் பட்டிருக்கிறது என்றார் அத்தை. பூச்சி என்றார் ஒரு டாக்டர். சர்க்கரையாக இருக்கும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார் இன்னொருவர். சர்க்கரை இல்லை. டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அது இனிப்பாக இருந்தது, குடித்தேன். உடம்பு பாட்டுக்குக் கரைந்துகொண்டே போனது.

அடுத்த கோடையில் வயிற்றுப்போக்கு பிடித்தது. நிற்கும், மறுபடி வரும். சாயங்காலம் ஆனால் காய்ச்சல் அடித்தது. விடியும்போது சேலை நனையும் அளவுக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கும். பிறகு வாய் வெந்துபோனது. நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஆடை ஒட்டியதுபோல வெள்ளை படர்ந்தது. சோறு நெஞ்சுக்குள் இறங்கும்போது முள் கிழிப்பதுபோல வலித்தது. எதைச் சாப்பிட்டாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. சாப்பாட்டு நேரம் வருகிறது என்றாலே பயமாகிவிட்டது. மோரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று அத்தையிடம் பொய் சொன்னேன்.

பேண்டேஜ் சுருட்ட உட்கார்ந்தால் பிட்டத்து எலும்பு தரையில் இடித்தது. கலா தன் தலையணையைக் கொண்டுவந்து போட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அம்மா ஏன் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிக்கொண்டே போகிறாள் என்று அப்பாவிடம் கேட்டாளாம்.

கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எதற்கு என்று சொல்லாமலே ரத்தம் எடுத்தார்கள். நாலைந்து நாள் வார்டின் நடுவில் ஒரு கட்டிலில் இருந்தேன். ஒரு நாள் காலையில் வந்து, வராந்தாக் கோடியில் தனியாகக் கிடந்த கட்டிலுக்கு என்னை மாற்றினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் தராமல் தரையில் வைத்துக் காலால் தள்ளிவிட்டுப் போனாள் ஆயா. நான் தொட்ட இடத்தில் எல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். என் வீட்டுக்காரரை அழைத்துப்போய் ஏதோ சொன்னார்கள். அவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு வந்ததும் எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்திருந்தார். கிருஷ்ணன்கோவில் தாண்டிய பிறகு நானாகக் கேட்டேன்.

"எனக்கு என்ன சீக்குன்னு சொன்னாவ?"

அவர் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எய்ட்ஸுங்காவ" என்றார். பிறகு, "எனக்கு இல்லையாம்" என்றார்.

அந்த வார்த்தையைச் சுவர்களில் எழுதிப் பார்த்திருக்கிறேன். தப்பாக நடப்பவர்களுக்கு வரும் வியாதி என்றுதான் ஊருக்குத் தெரியும். அவருக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. வெளியே பருத்திக்காடு போய்க்கொண்டிருந்தது. நான் யாரையும் ஏறெடுத்துப் பார்த்தவள்கூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அத்தையிடம் அவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அத்தை கத்தவில்லை. முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எம் மவனுக்கு இல்லைன்னா, பொறவு இவளுக்கு எங்கேந்து வந்துச்சு?"

அன்று முதல் எனக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியானது. கலாவை என் பக்கத்தில் படுக்க விடவில்லை. செய்தி எப்படியோ தெருவுக்கும் போனது. பேண்டேஜ் துணி கொண்டுவந்து போடுகிறவர் ஒரு வாரம் வரவில்லை. அப்புறம் ஆள் விட்டு மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு போனார். காயத்தில் கட்டுகிற துணி, அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். இந்த வியாதி துணியாலும் தட்டாலும் பக்கத்தில் படுப்பதாலும் ஒட்டாது என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, மலையைப் பார்த்தாற்போல, ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. மில்லில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர்தான், அங்கே போய்ப் பார், திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே என் வீட்டுக்காரர் என்னை அங்கே அழைத்துப்போனார். அப்போது எனக்கு நடக்க முடியவில்லை. பஸ்ஸிலிருந்து தூக்கித்தான் இறக்கினார். அங்கே நின்ற எடை மெஷினில் முப்பத்துநாலு காட்டியது.

டாக்டர் எஸ்தர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். உறை போடாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். மதுரையிலிருந்து வந்தபிறகு என்னை யாரும் தொட்டதில்லை. என் வீட்டுக்காரர் மட்டும்தான். நான் அழுதது வலியினால் என்று டாக்டர் அம்மா நினைத்திருப்பார்.

டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். கழுத்தில் நெல்லிக்காய் போலத் திரண்டிருந்த கட்டிகளைத் தடவிப் பார்த்தார். தையல்காரர் மாதிரி டேப் எடுத்து மேல்கையைச் சுற்றி அளந்தார். கொழுப்பு மட்டும் கரையவில்லை, தசையும் கரைந்திருக்கிறது என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதிருந்து காய்ச்சல், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே போகிறது, விழுங்கும்போது எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "பிரசவத்துலயோ ஆபரேஷன்லயோ எப்பவாவது ரத்தம் ஏத்துனாங்களா?" என்றார்.

எங்கள் வீட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த கதை. கலா பிறந்தது எண்பத்தெட்டில், ஒரு தனியார் நர்சிங் ஹோமில். பிள்ளை வெளியே வந்த பிறகு எனக்கு உதிரம் நிற்கவில்லை. கட்டிலை நனைத்துக் கீழே சொட்டியது என்பார்கள். உடனே ரத்தம் வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரர் கையை நீட்டியிருக்கிறார். அவர் குரூப் சேரவில்லை. மதுரைக்கு ஓடினார். ரத்தம் விற்கிற இடத்தில் இரண்டு பாட்டில் வாங்கி, ஐஸ்கட்டி போட்ட பையில் வைத்து, பஸ் குலுக்கலில் உடையாமல் மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். அதனால்தான் நான் பிழைத்தேன். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது அவரை அதைச் சொல்லச் சொல்வார்கள். அவரும் சொல்வார். பஸ்ஸில் ஒரு கிழவி, மடியில் என்ன தம்பி, மீனா என்று கேட்டாளாம். அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க, டாக்டர். மதுரையிலேந்து நாந்தான் வாங்கியாந்தேன்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சுவர் மாதிரி ஆனது. டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். கிருமி அந்த ரத்தத்தில்தான் வந்திருக்க வேண்டும், அந்த வருஷங்களில் ரத்தத்தைப் பரிசோதித்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் வரவில்லை, யாரும் தெரிந்து செய்ததில்லை, நீங்கள் கொண்டுவராவிட்டால் அன்றே இறந்திருப்பார் என்று எடுத்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். காதில் வாங்கினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டாயிற்று. அடுத்து வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

வைத்தியம் மறுநாள் தொடங்கியது. டாக்டர் அம்மா எதையும் மறைத்துப் பேச மாட்டார். "இந்தக் கிருமிய அடியோட எடுக்க எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெளிநாட்டில் ஏதோ மாத்திரைகள் வந்துகொண்டிருக்கின்றன, நம்மால் வாங்கித் தின்ன முடியாது என்றார். ஆனால் இளைப்பு வேறு, அதற்குக் காரணங்கள் உண்டு, அந்தக் காரணங்களுக்கு மருந்து உண்டு என்றார். எனக்கு மனப்பாடம் ஆகும்படி சொன்னார்: "சாப்பாடு உள்ள போகணும். போனது வயித்துல தங்கணும். தங்குனது உடம்புல ஒட்டணும். உங்களுக்கு மூணும் நடக்கல."

உள்ளே போகாததற்குக் காரணம் வாய்ப்புண். அந்த வெள்ளைப் படலம் ஒரு பூஞ்சை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் வாயில் தொடங்கி உணவுக்குழாய் வரைக்கும் படர்ந்துவிடும். அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றுப்போக்குக்கு மலத்தைப் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொன்னார்கள். பாலைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தினார்கள். சாயங்காலக் காய்ச்சலுக்குக் காரணம் டி.பி. இருமல் இல்லாமலும் டி.பி. வரும் என்று அன்றுதான் தெரியும். கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். தின்பதையெல்லாம் அந்தக் காய்ச்சல்தான் எரித்துக்கொண்டிருந்தது. டி.பி. மாத்திரை தின்றால் ஒன்றுக்குச் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று சிஸ்டர் ரோஸ்லின் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இருந்தும் முதல்நாள் பார்த்ததும் ரத்தம்தான் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வாரம் மோசமாகத்தான் போனது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. தின்றதைவிட வாந்தி எடுத்தது அதிகம். எடை இன்னும் அரைக் கிலோ குறைந்தது. தலைமுடி கொத்தாகக் கையோடு வந்தது. விளக்கணைத்த பிறகு மலையிலிருந்து வரும் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். எழுந்து சாத்த எனக்குத் தெம்பு இருக்காது. யாரையும் கூப்பிடவும் கூச்சம். கலாவின் கல்யாணத்துக்கு யார் முன்னால் நிற்பார்கள் என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அந்த வாரம் கழிந்து ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது வெள்ளைத் தோல் உரிந்து வந்தது. சிஸ்டர் ரோஸ்லின் சோற்றைத் தயிர் விட்டுக் கூழாகப் பிசைந்து ஒரு கரண்டி கொடுத்தார். விழுங்கினேன். வலிக்கவில்லை. இன்னொரு வாய் விழுங்கிப் பார்த்தேன். அதுவும் வலிக்கவில்லை. ருசி ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் சோறு கீழே இறங்குவது தெரிந்தது.

பசிக்குக் காத்திருக்கக் கூடாது, பசி வராது என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மருந்து மாதிரி சாப்பிட வேண்டும். காரம் கூடாது. ஆறியதும் மெத்தென்று இருப்பதும் நல்லது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகு கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி, அவித்த முட்டை, வாழைப்பழம், வறுத்து இடித்த கடலை. வெளி டிபன் வேண்டாம், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. சும்மா படுத்தே கிடந்தால் தின்றது தசையாக ஒட்டாது என்று வராந்தாவில் நடக்கச் சொன்னார். முதலில் தூண் வரைக்கும், பிறகு கேட் வரைக்கும் நடந்தேன்.

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறித் தினமும் வந்தார். களியை அவரே கிண்டிக் கொண்டுவந்தார். அடிப்பிடித்திருக்கும். உருண்டை பிடித்து என் கையில் தந்துவிட்டு, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை கால் கிலோ பால்கோவா வாங்கி வந்துவிட்டு, பால் ஆகாது என்று சிஸ்டர் சொன்னதும் அதைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் அவர் மட்டும் ஒரு வாய் சாப்பிட மாட்டார். வீட்டில் சாப்பிட்டேன் என்பார். நான் அத்தையிடம் சொன்ன அதே பொய்.

நான் ஏற ஏற அவர் இறங்கினார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. டாக்டர் அம்மா அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கு எதுவும் இல்லை. "சோறு எறங்க மாட்டேங்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

அவர் வீட்டில் இன்னும் ரத்த விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். நான் சொல்லியிருக்கலாம். அத்தை நினைத்துக்கொண்டிருப்பதை ஒரே வார்த்தையில் உடைத்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை அவரைக் காட்டிக்கொடுப்பது மாதிரி. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் அவர் வரும்போது முகத்தைப் பார்ப்பேன். இன்றைக்கும் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் சரசு மதினியும் வந்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கத்தில் நின்றார். மதினிதான் பேசினார். டாக்டர் விட்டதும் என்னைச் சுந்தரபாண்டியத்துக்கு அனுப்பிவிடுவது, கலா செட்டியார்பட்டியில் அவரிடம் வளரட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். கலாவைக் கேட்க மதினிக்கு ஒரு உரிமை இருந்தது. அவள் பிறந்தபோது நான் செத்துப் பிழைத்துக் கிடந்தேன். எனக்குப் பால் ஊறவே இல்லை. மதினிக்கு அப்போது கைக்குழந்தை. இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் பால் கொடுத்து அமர்த்தினார். "பாலில்லாத மாரு" என்று அத்தை அதை எத்தனையோ தடவை குத்திக்காட்டியிருக்கிறார்.

"ஊரு என்ன பேசுதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை மகனிடம். "இவ எங்க போனா, யாருட்ட போனா..."

"அம்மா, போதும்."

அவர் குரல் உயரவில்லை. அத்தையைப் பார்க்காமல் வராந்தாத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவ எங்கயும் போகல. அன்னைக்கி ஏத்துன ரத்தத்துல இருந்துருக்கு. அத நாந்தான் வாங்கியாந்தேன். பஸ்ல மடில வச்சு நாந்தான் கொண்டாந்தேன். நீங்க யாரையாச்சும் அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க."

மதினி வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவரிடமிருந்து இன்னொரு கல் வந்து விழும் என்று காத்திருந்தேன்.

"நீ அன்னைக்கிக் கொண்டாரலேன்னா, அன்னைக்கே போயிருப்பா" என்றார். "ஏழு வருசம் கெடச்சிருக்குல்லா."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் அத்தையிடமிருந்து அதற்குமேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் தூணில் தலையைச் சாய்த்து அழுதார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அன்று சாயங்காலமே டாக்டர் அம்மா கலாவைப் பற்றிக் கேட்டார். தாய்ப்பாலிலும் இந்தக் கிருமி போகும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரத்தம் ஏற்றிய உடனே பால் கொடுத்திருந்தால் ஆபத்து அதிகமாம். கலா என் பாலைக் குடிக்கவில்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் கலாவைக் கொண்டுவரச் சொல்லி ரத்தம் எடுத்தார். ஊசி குத்தும்போது கலா என்னைத்தான் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் கை என் கையில் இருந்தது. யாரும் தடுக்கவில்லை.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கலாவுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னபோது சரசு மதினியும் அங்கே இருந்தார். "எம் பாலத்தான குடிச்சா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என் கட்டிலில், என் கால்மாட்டில் உட்கார்ந்தார். ஏழு வருஷமாக எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது அந்தப் பால் ஊறாத மார்பு. அன்றைக்கு அதைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது முப்பத்தெட்டு கிலோ இருந்தேன். டி.பி. மாத்திரையை நடுவில் விடாமல் தின்று முடித்தேன். வேறு கிருமிகள் அண்டாமல் இருக்க ஒரு மாத்திரையை இன்றும் தின்கிறேன். அடுத்த வருஷம் நாற்பத்தாறு வரை ஏறினேன். ஐம்பதை மறுபடி தொட முடியவில்லை. அத்தை என்னோடு பேசுவார், எனக்குக் களி கிண்டித் தருவார், ஆனால் என் டம்ளர் இன்றும் தனியாகத்தான் இருக்கிறது. பேண்டேஜ் வேலை திரும்பி வரவில்லை. தெருவில் இரண்டு வீடுகள் பேசும், மற்றவை பேசாது. என் வீட்டுக்காரர் அம்மாவிடம் சொல்லிவிட்ட பிறகு கொஞ்சம் தேறுவார் என்று நினைத்தேன். அவர் நேரத்துக்கு வேலைக்குப் போனார், எனக்கு வேண்டியதைச் செய்தார். என்னோடு உட்கார்ந்து மட்டும் சாப்பிடவில்லை. நான் தட்டோடு உட்கார்ந்தால் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். நான் சாப்பிட்டானபிறகு அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார்.

போன மாதம் மருந்து வாங்க இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். கான்சாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். பெயர் மாரித்தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. புருஷன் முந்தின வருஷமே இறந்துவிட்டான். கட்டிலில் சேலை மட்டும் கிடப்பதுபோலக் கிடந்தாள். வாயெல்லாம் வெள்ளை. சாப்பிட மாட்டேன், எதற்கு, எப்படியும் சாகப்போகிறேன் என்கிறாளாம். நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் என்றார் டாக்டர் அம்மா.

நான் போய் உட்கார்ந்து, எனக்கு நடந்ததைச் சொன்னேன். முப்பத்துநாலு கிலோவில் வந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எல்லாரும் இப்படித்தான் சொல்வீர்கள் என்றாள். பிறகு, "இப்ப எம்புட்டு இருக்கீய? ஏறிக் காட்டுங்க" என்றாள்.

எடை மெஷின் அவள் கட்டிலுக்கு எதிரில்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சிஸ்டர் ரோஸ்லின் குனிந்து பார்த்தார். முள் நாற்பத்திரண்டில் நின்றது. போன தடவை வந்தபோது நாற்பத்தாறு. இறங்கி மறுபடி ஏறினேன். அதேதான்.

சாயங்காலக் காய்ச்சல் வருகிறதா என்று கேட்பதுபோல சிஸ்டர் என் நெற்றியில் கை வைத்தார். இரண்டு வாரமாக வருகிறது. நான் வீட்டில் சொல்லவில்லை.

"எம்புட்டுக்கா?" என்றாள் மாரித்தாய்.

"நாப்பத்தாறு" என்றேன்.

சிஸ்டர் குனிந்து அவள் தலையணையைச் சரிசெய்தார். மாரித்தாய் என்னையே பார்த்தாள். பிறகு தலைமாட்டிலிருந்த கஞ்சி டம்ளரைக் கேட்டாள். இரண்டு வாய் குடித்தாள். ஒரு வாய் வெளியே வந்தது. துடைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள்.

திரும்பினால் என் வீட்டுக்காரர் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மெஷின் முள் அவருக்கு நேராகத் தெரியும் இடம் அது. டாக்டர் அம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து படுத்துவிடு, மறுபடி எல்லாம் பார்ப்போம் என்றார். ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர் கடையில் நாலு முட்டை வாங்கினார்.

வீட்டில் அவரே அவித்தார். தோலுரித்து, மிளகு போடாமல் உப்பு மட்டும் தூவினார். தரையில் இரண்டு தட்டு போட்டார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு எதிரில் தானும் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து முதல் வாயை அவர் விழுங்கியதைப் பார்த்தேன். தொண்டையில் சிக்கி, மெல்ல இறங்கியது. என்னைப் பார்த்தார்.

எனக்குப் பசி இல்லை. சாப்பிட்டேன்.